அடிமை என்ற சொல்: திருகோணமலை மாணவரும் கைத்தொலைபேசியும்

திருகோணமலை நகரம், கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று இந்த மாவட்டத்தில் எங்கே பெற்றோர் கூட்டம் நடந்தாலும் ஒரு முறைப்பாடு எழாமல் போவதில்லை. பிள்ளை போனுக்கு அடிமையாகிவிட்டது. சொல்பவர் தாயாக இருக்கலாம். தாய் வெளிநாட்டில் இருக்க, பேரப்பிள்ளையை வளர்க்கும் அம்மம்மாவாகவோ உம்மம்மாவாகவோ இருக்கலாம். அதிபரும் ஆசிரியரும் மறுப்பதில்லை. கவலை உண்மையானது. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் பல சங்கதிகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இரவு இரண்டு மணிவரை ஃப்ரீ ஃபயர் விளையாடும் பையனும், பரீட்சைக்கு முதல் நாளும் டிக்டொக்கை மூடி வைக்க முடியாத பிள்ளையும், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் முகம் நிமிராத பிள்ளையும், யாரோடு பேசுகிறாள் என்று வீட்டார் சந்தேகப்படும் பெண்பிள்ளையும் எல்லோரும் 'அடிமை'தான்.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லின் லத்தீன் மூலம், கடனைத் தீர்க்க முடியாமல் கடன் கொடுத்தவனிடம் கையளிக்கப்பட்டவனைக் குறித்தது. தமிழ்ச் சொல்லும் அதையேதான் சொல்கிறது. அடிமை என்றால் ஓர் ஆண்டான் இருக்க வேண்டும். யார் அந்த ஆண்டான் என்ற கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடைகள் வேறுபடுகின்றன. மூளையில் தேடியவர்கள் உண்டு. காலத்தில் தேடியவர்கள் உண்டு. கருவியைச் செய்த கம்பனியில் தேடியவர்கள் உண்டு. பிள்ளையைச் சுற்றியுள்ள வெறுமையில் தேடியவர்களும் உண்டு. இந்த நான்கு விடைகளும் பிறந்த இடங்களையும் அவற்றின் பலவீனங்களையும் பார்த்து, திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் பிள்ளைகளுக்கு அவை எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்று அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

போனுக்கு முன்னே

இந்தக் கவலை போனோடு பிறந்ததல்ல. இலங்கை வானொலியின் சினிமாப் பாட்டில் மயங்கிப் படிப்பைக் கோட்டைவிடுகிறார்கள் என்று ஒரு தலைமுறை குறைபட்டது. 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாகினியும் வந்தபோது கவலை அந்தப் பெட்டிக்கு இடம் மாறியது. வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் படம் பார்த்த காலத்தில் அது இன்னும் உரத்தது. பிரித்தானிய உளவியலாளர் ஏமி ஓர்பன் 2020 இல் எழுதிய கட்டுரையொன்று இந்தச் சுழற்சியைக் கிரேக்கப் புராணத்தில் ஒரு கல்லை ஓயாமல் மலைமேல் உருட்டும் சிசிஃபசோடு ஒப்பிட்டது. ஒவ்வொரு புதிய சாதனத்தோடும் பீதி எழும். ஆராய்ச்சி மெதுவாகத் தொடங்கும். விடை வருவதற்குள் அடுத்த சாதனம் வந்துவிடும். கல் மறுபடி அடிவாரத்துக்கு உருளும்.

நல்ல எச்சரிக்கைதான். ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டு பெற்றோரின் கவலையைத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. முன்பு அடித்த மணிகள் பொய்யாகப் போனதால் இப்போது அடிப்பதும் பொய் என்று ஆகிவிடாது. வானொலி வீட்டின் நடுவே, எல்லோர் காதுக்கும் எட்டும்படி இருந்தது. போன் போர்வைக்குள்ளும் போகிறது. ரூபவாகினி இரவில் ஒளிபரப்பை நிறுத்தி எல்லோரையும் படுக்க அனுப்பியது. போனில் நிகழ்ச்சி முடிவதே இல்லை.

நோய் என்பவர்கள்

முதல் விடை மருத்துவத்திலிருந்து வந்தது. அதன் பிறப்பு சற்று விசித்திரமானது. 1995 இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க், மனநலக் கையேடுகள் வாழ்க்கையின் எல்லாவற்றையும் நோயாக்குவதைக் கேலி செய்ய 'இணைய அடிமைக் கோளாறு' என்று ஒன்றைக் கற்பனையாக வரைந்தார். கேலி மெய்யாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டே கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் சூதாட்டக் கோளாறுக்கான அடையாளங்களைத் தழுவி இணையத்துக்கு ஓர் அளவுகோல் அமைத்தார். உளவியலாளர் மார்க் க்ரிஃபித்ஸ் 2005 இல் எந்தப் பழக்க அடிமைத்தனத்துக்கும் பொதுவாக ஆறு கூறுகளைச் சொன்னார். அந்த ஒன்றே மனதை நிறைத்திருப்பது, மனநிலையை மாற்ற அதை நாடுவது, அளவு கூடிக்கொண்டே போவது, கிடைக்காதபோது தவிப்பது, சுற்றியிருப்போரோடு முரண்படுவது, விட்ட பின் மறுபடி விழுவது.

மருத்துவ அமைப்புகள் இதைவிட நிதானமாகவே நடந்திருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013 இல் ஐந்தாம் பதிப்பாக வந்தபோது, போதைப் பொருள் அல்லாத பழக்கங்களில் சூதாட்டத்தை மட்டுமே முழு நோயாக ஏற்றது. இணைய விளையாட்டை 'மேலும் ஆராய வேண்டியவை' என்ற பகுதியில் வைத்தது. உலக சுகாதார அமைப்பு 2019 இல் ஏற்று 2022 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, டிஜிட்டல் விளையாட்டுக் கோளாறை நோயாகச் சேர்த்தது. அதற்கும் கடுமையான நிபந்தனைகள் உண்டு. விளையாட்டின் மீது கட்டுப்பாடு இழந்திருக்க வேண்டும். வாழ்வின் மற்றெல்லாவற்றுக்கும் அது முந்தியிருக்க வேண்டும். தீங்கு தெரிந்தும் தொடர வேண்டும். இந்நிலை பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடிக்க வேண்டும். 'கைத்தொலைபேசி அடிமைத்தனம்' என்ற பெயரில் ஒரு நோய் இந்த இரண்டு நூல்களிலும் இல்லை.

அளவுகோல்கள் மட்டும் பெருகின. தென்கொரியாவில் 2013 இல் உருவான அளவுகோலின் பத்துக் கேள்விச் சுருக்கம் இன்று உலகின் பல நாடுகளில் மாணவரிடம் நீட்டப்படுகிறது. 2019 இல் வெளிவந்த பிரித்தானியத் தொகுப்பாய்வு ஒன்று 41 ஆய்வுகளைச் சேர்த்தது; ஏறத்தாழ 42,000 சிறுவரும் இளைஞரும் அதில் அடங்கினர். நாலில் ஒருவரிடம் சிக்கலான போன் பாவனை தெரிகிறது என்றது அது. இந்த 'நாலில் ஒருவர்' என்ற கணக்குத்தான் கருத்தரங்குகளிலும் பத்திரிகைத் தலைப்புகளிலும் நோயாளிகளின் எண்ணிக்கைபோல் உலாவுகிறது. ஆய்வாளர்கள் சொன்னது நோய் என்றல்ல, சிக்கலான பாவனை என்றுதான்.

இந்த அளவுகோல்களில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, பிள்ளைகள் சொல்லும் கணக்கும் போன் தானே பதிந்து வைத்திருக்கும் கணக்கும் சரியாகப் பொருந்துவதில்லை; இதைக் காட்டிய ஆய்வுகள் 2019 இலும் 2021 இலும் வந்துவிட்டன. தன்னை 'அடிமை' என்று நினைப்பவர் கூடுதலாகப் பாவிப்பவராக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் நாளெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்டவராக இருக்கலாம்.

இரண்டாவது நம் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது. போன் இல்லாவிட்டால் பொறுக்க முடியாது, பாவிக்காதபோதும் அதே நினைவாக இருக்கிறேன் என்ற கருத்தில் அளவுகோல்களில் கேள்விகள் வருகின்றன. மூதூரில் ஒரு பிள்ளையின் தாய் சவூதியில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளை இந்த இரண்டுக்கும் 'ஆம்' என்றுதான் எழுதும். அது ஏங்குவது கண்ணாடித் திரைக்காக அல்ல. அந்தத் தாளைத் திருத்துபவருக்கு வித்தியாசம் தெரியாது. கடுமையான சிக்கலில் இருக்கும் சிறுபான்மையைக் கண்டறிய நோய் என்ற விடை உதவும். ஒரு வகுப்பு முழுவதையும் அதைக்கொண்டு அளந்தால் அன்பையும் அது நோய்ப் பட்டியலில் எழுதிவிடக்கூடும்.

2012 இல் நாம் எங்கே இருந்தோம்

இரண்டாவது விடை காலத்தைக் குற்றம் சொல்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜீன் ட்வெங்கி 2017 இல் இதைப் பரவலாக்கினார். ஜொனதன் ஹைட் 2024 இல் வெளியிட்ட நூலில் விரித்தார். 2010க்குப் பிந்திய சில ஆண்டுகளில் கைத்தொலைபேசியும் சமூக ஊடகமும் பதின்ம வயதினரின் கைக்கு வந்தன. அதே ஆண்டுகளில் அவர்களிடையே, விசேடமாகப் பெண்பிள்ளைகளிடையே, மனச்சோர்வும் பதற்றமும் ஏறின. ஆகவே முன்னது பின்னதற்குக் காரணம் என்பது வாதத்தின் சாரம். தெருவிலும் மைதானத்திலும் விளையாடி வளர்ந்த குழந்தைப் பருவம் போய், போனோடு வளரும் குழந்தைப் பருவம் வந்துவிட்டது என்கிறார் ஹைட்.

எதிர்ப்பும் வலுவாகவே வந்தது. ஓர்பனும் அண்ட்ரூ ப்ரிஷிபில்ஸ்கியும் 2019 இல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் திரட்டப்பட்ட மூன்று பெரிய தரவுத் தொகுப்புகளை, மொத்தம் 3,55,358 பதின்ம வயதினரின் விடைகளை, அலசினார்கள். நல்வாழ்வில் காணப்படும் வேறுபாட்டில் டிஜிட்டல் பாவனையோடு தொடர்புபடுவது அதிகபட்சம் 0.4 வீதமே என்றார்கள். அதே தரவில், உருளைக்கிழங்கு அடிக்கடி சாப்பிடுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு எதிர்மறைத் தொடர்பு தென்பட்டது. ஹைட்டின் நூலை விமர்சித்த உளவியலாளர் கென்டிஸ் ஒட்ஜர்ஸ், தொடர்பைக் காரணமாகக் கொள்ளும் தவறு அதில் இருப்பதாகவும், ஏற்கெனவே மனம் சோர்ந்த பிள்ளைகளே போனை அதிகம் நாடுகிறார்கள் என்ற சாத்தியம் ஒதுக்கப்படுவதாகவும் எழுதினார்.

சராசரியும் ஏமாற்றக்கூடியதே. நெதர்லாந்தில் 63 பதின்ம வயதினரை மட்டும், ஆனால் ஒவ்வொருவரையும் நாளுக்குப் பலமுறை கேட்டு நடத்திய 2020 ஆய்வு ஒன்றில், சமூக ஊடகத்தில் மற்றவர் பதிவுகளைப் பார்த்த பின் 46 வீதத்தினர் சற்று நன்றாக உணர்ந்தார்கள், 44 வீதத்தினரிடம் மாற்றமில்லை, 10 வீதத்தினர் மோசமாக உணர்ந்தார்கள். மூன்று குழுக்களையும் கலந்து சராசரி எடுத்தால் 'ஒன்றுமில்லை' என்றே வரும். அந்தப் பத்து வீதத்தில் இருக்கும் பிள்ளையின் தாய்க்கு அந்தச் சராசரியால் என்ன ஆறுதல்?

திருகோணமலைக்கு வரும்போது இந்த வாதம் வேறொரு இடத்தில் இடறுகிறது. அமெரிக்கப் பிள்ளைகளின் கைக்குப் போன் வந்த 2012 இல், சம்பூர் மக்கள் ஊர் திரும்பாமல் இருந்தார்கள். 2006 இல் போரால் இடம்பெயர்ந்த அவர்களுக்கு மீள்குடியேற்றம் 2015 இலேயே தொடங்கியது. இங்கே மாணவரின் கைக்குப் போன் மொத்தமாக வந்த ஆண்டு 2020. அது கொவிட்டோடு வந்தது. பின்னாலேயே 2022 இன் பொருளாதார வீழ்ச்சியும், நாளுக்கு 13 மணிநேரம் வரை போன மின்வெட்டும், பெற்றோரின் வேலையிழப்பும், பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் நின்ற வரிசைகளும் வந்தன. அந்த ஆண்டுகளில் ஒரு பிள்ளையின் முகம் வாடியிருந்தால் அதில் போனின் பங்கைத் தனியே பிரித்தெடுக்கும் தராசு யாரிடமும் இல்லை. வேற்று நாட்டின் வரைபடத்தைக் கொண்டுவந்து நம் பிள்ளைகளின் மேல் அப்படியே விரிப்பதில் அவசரம் வேண்டாம்.

கருவியைச் செய்தவர்கள்

மூன்றாவது விடை பிள்ளையை விட்டுவிட்டுக் கருவியைப் பார்க்கிறது. இதன் வேர் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் புறாக் கூண்டு. எப்போது தானியம் விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்துகிறது என்று அவர் காட்டினார். மானிடவியலாளர் நடாஷா டோ ஷூல் 2012 இல் லாஸ் வேகாஸ் சூதாட்ட இயந்திரங்களைப் பற்றிய நூலில், அடிமைத்தனம் ஆளுக்குள் மட்டும் இல்லை, ஆளையும் இயந்திரத்தையும் பிணைக்கும் வடிவமைப்பிலேயே இருக்கிறது என்று வாதிட்டார். திரையை மேலே தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டிருக்கும் பட்டியலை 2006 இல் வடிவமைத்த அசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். மூளையை இதற்குத் துணைக்கு அழைக்கும் பேச்சுகளில் டோபமின் என்ற மூளை இரசாயனத்தின் பெயர் அளவுக்கு மீறிப் புரள்கிறது. நல்ல சாப்பாட்டிலும் நல்ல பேச்சிலும்கூட அது சுரக்கத்தான் செய்கிறது.

இந்த விடைக்கு ஒரு தார்மீகப் பலம் உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளை ஒருபுறம், அதன் கவனத்தைப் பிடித்து வைக்கச் சம்பளம் வாங்கும் ஆயிரக்கணக்கான பொறியியலாளர்கள் மறுபுறம் என்றால், தோற்றுப்போன பிள்ளையை மட்டும் ஏசுவது நியாயமில்லை. பலவீனமும் உண்டு: அதே செயலியை அதே வடிவில் பாவிக்கும் பெரும்பாலானோர் மூடி வைத்துவிட்டுப் போகிறார்கள். ஏன் சிலர் மட்டும் மூட முடியாமல் இருக்கிறார்கள் என்பதை வடிவமைப்பு மட்டும் விளக்காது.

இங்குள்ளோர் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டிய உள்ளூர் வடிவமைப்பு ஒன்று இருக்கிறது. இலங்கையின் இணையப் பொதிகளில் டேட்டாவைப் பகலுக்கென்றும் இரவுக்கென்றும் பிரித்து, நள்ளிரவுக்குப் பின் விடியும்வரை தாராளமாகக் கொடுக்கும் வழக்கம் நீண்டகாலமாக இருந்து வருகிறது. வலையமைப்பின் நெரிசலைக் குறைக்க அது வசதியான ஏற்பாடு. கையில் காசு குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அது சொல்லும் சேதி வேறு: விளையாட வேண்டுமா, பாட வீடியோவைத் தரவிறக்க வேண்டுமா, பன்னிரண்டு மணிக்குப் பிறகு வா. பிள்ளைகளின் உறக்கத்தைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் இந்த விலைப்பட்டியலும் மேசைக்கு வர வேண்டும்.

போன் வந்த வழி

நான்காவது விடையே இந்த மாவட்டத்தில் அதிகம் பேச வேண்டியது. மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே. ஆய்வாளர் டானியல் கார்டெஃபெல்ட்-வின்தர் 2014 இல் முன்வைத்த கருத்து இது. அளவுக்கு மீறிய இணையப் பாவனையை நோயாகப் பார்ப்பதற்கு முன், அது எந்தக் குறையை ஈடு செய்கிறது என்று கேட்க வேண்டும். இதற்கு முன்னோடியாக ஒரு பழைய பரிசோதனையைச் சொல்வார்கள். 1970களின் இறுதியில் கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர், தனிக் கூண்டில் அடைபட்ட எலிகளைவிடத் துணையும் இடமும் உள்ள எலிகள் மோர்பின் கலந்த நீரைக் குறைவாகக் குடித்ததைக் கண்டார். பின்னர் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்குக் கலவையான முடிவுகளே கிடைத்தன. ஆகவே அதை நிரூபணமாக அல்ல, கேள்வி கேட்கும் ஒரு முறையாகவே கொள்ளலாம்.

திருகோணமலையில் போன் பிள்ளையின் கைக்கு வந்த வழிகளைப் பார்த்தால் இந்தக் கேள்வி உயிர் பெறுகிறது.

முதல் வழி வளைகுடா. கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து தாய்மார் வீட்டுப் பணிக்குப் போவது பல பத்தாண்டு வழக்கம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் போவதைத் தடுக்க 2013 இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கியது. 2022 இன் நெருக்கடியில் அந்த வயதெல்லை தளர்த்தப்பட்டது. அந்த ஒரே ஆண்டில் நாட்டிலிருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். முன்பு மாதக் கணக்கில் காத்திருந்து வந்த கடிதத்தின் இடத்தை இன்று வட்ஸ்அப்பும் ஐமோவும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. இத்தகைய வீட்டில் போன் பொழுதுபோக்குப் பொருள் அல்ல. தாய் இருக்கும் இடமே அதுதான். அந்தப் போனைத் தண்டனையாகப் பறிப்பதில், பறிப்பவர் நினைக்காத ஒன்றும் சேர்ந்து பறிபோகிறது.

இரண்டாவது வழி பாடசாலை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாட்டில் கணினியோ மடிக்கணினியோ இருந்தது ஐந்தில் ஒரு வீட்டில்தான். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையக் கற்றல் தளம் இருந்தது. ஆனால் நடைமுறையில் வகுப்பறையானது ஆசிரியரின் வட்ஸ்அப் குழுவே. போன் வாங்கிக் கொடுக்காத பெற்றோர் பிள்ளையின் படிப்பைக் கெடுத்தவர் ஆனார். நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் வாங்கியவர்கள் உண்டு. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. ஏறத்தாழ மூன்று மாதம் பாடம் நின்றது. போன் மட்டும் கையில் இருந்தது. பாடத்துக்காக வந்த கருவி பாடமே இல்லாத நாட்களில் வேறெதற்கு ஆகும்? இன்று அதே பெற்றோரிடம், பிள்ளைக்கு ஏன் போன் கொடுத்தீர்கள் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவதை வழி என்பதைவிட வெற்றிடம் என்பதே பொருத்தம். கடற்கரையும் மைதானமும் உள்ள ஊரில் பிள்ளை ஏன் அறைக்குள் இருக்கிறது என்று கேட்பது எளிது. ஆனால் 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் 2019 இல் விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் சண்டைக்கு நடுவே கந்தளாய்க்கு ஓடினார்கள். அன்று இளைஞராக இருந்தவர்களே இன்றைய பதின்ம வயதினரின் பெற்றோர். பிள்ளை பொழுதுபட முன் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்ற நடுக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. அறைக்குள் போனோடு இருக்கும் பிள்ளை குறைந்தபட்சம் கண்ணெதிரே இருக்கிறது. இது அளந்து நிறுவப்பட்ட காரணம் அல்ல. ஒதுக்கிவிட முடியாத ஒரு காரணம்.

போருக்குப் பிந்தைய அமைதியிலும் பிள்ளையின் பொழுது திறந்து கிடக்கவில்லை. காலை 7.30க்குப் பாடசாலை, பின்னேரம் ரியூசன், புலமைப்பரிசில் தொடங்கி சாதாரண தரம், உயர்தரம் வரை நீளும் பரீட்சை வரிசை. பெரியவர்கள் அட்டவணை போடாத ஒரே நேரம் இரவு. அதைத்தான் பிள்ளைகள் போனுக்குக் கொடுக்கிறார்கள்.

பெண்பிள்ளைகளின் நிலை வேறு. ஆண்பிள்ளையின் 'அடிமைத்தனம்' பெரும்பாலும் விளையாட்டு என்று கொள்ளப்படுகிறது. பெண்பிள்ளையிடம் அதே சொல் ஒழுக்கத்தின் மீதான சந்தேகமாகிவிடுகிறது. படத்தைத் திருடி மிரட்டுவது போன்ற ஆபத்துகள் மெய்யானவை. ஆனால் மிரட்டப்பட்ட பிள்ளை வீட்டில் சொல்லப் பயப்படுவதற்கு, சொன்னால் போன் மட்டுமல்ல, படிப்பும் பறிபோகலாம் என்பதே காரணமாகிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருந்தும், அழைக்கத் தேவையான கருவி அந்த நேரத்தில் அப்பாவின் அலுமாரிக்குள் இருக்கும்.

ஈடு செய்தல் என்ற இந்த விடைக்கும் எல்லை உண்டு. குறையே இல்லாத வீட்டுப் பிள்ளையும் மணிக்கணக்கில் போனில் கிடக்கிறது. குறையை ஈடுகட்டத் தொடங்கிய பழக்கம் நாளடைவில் அந்தக் குறையைப் பெரிதாக்கவும் கூடும்: தோழர் இல்லாததால் போனை எடுத்த பிள்ளைக்கு, போனில் இருப்பதால் தோழர் அமையாமல் போகலாம். எல்லாவற்றையும் சூழலின் மேல் போட்டால், நாளை காலை அந்த வீட்டில் என்ன செய்வது என்ற கேள்வி விடையில்லாமல் நிற்கிறது.

பறித்தால் என்ன ஆகும்

தடை பற்றிய சான்றுகள் இரு பக்கமும் இழுக்கின்றன. இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பாடசாலைகளை ஆராய்ந்த பெலண்ட், மர்பி ஆகியோர், போன் தடைக்குப் பின் புள்ளிகள் சற்று உயர்ந்ததையும், கல்வியில் பின்தங்கிய மாணவரே அதிகப் பயன் பெற்றதையும் 2016 இல் காட்டினார்கள். சுவீடனில் அதே முறையில் செய்தபோது பயன் தென்படவில்லை. 2025 இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு 30 பாடசாலைகளின் 1,227 மாணவரை ஒப்பிட்டபோது, தடையுள்ள பாடசாலை மாணவரின் மனநலமோ உறக்கமோ சிறந்திருக்கவில்லை. பாடசாலையில் பறித்த நேரத்தைப் பிள்ளைகள் வீட்டில் பெரும்பாலும் ஈடுகட்டிக்கொண்டார்கள். இலங்கை மாணவர் பாடசாலைக்குள் போன் கொண்டுவர அனுமதியில்லாத வழக்கம் ஏற்கெனவே இருப்பதால், இங்கே பிரச்சினை வாசலுக்கு வெளியேதான் தொடங்குகிறது. வகுப்பில் தடை, வீட்டுப்பாடம் வட்ஸ்அப்பில் என்ற முரண் தீரும்வரை தடைக்குப் பிள்ளைகளிடம் மதிப்பு இருக்காது.

நாடளாவிய தடைகள் இன்னும் கடினம். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை இணைய விளையாட்டில் நுழையக் கூடாது என்று தென்கொரியா 2011 இல் சட்டம் போட்டது. உறக்கத்தில் பெரிய முன்னேற்றம் தெரியாமல் பத்தாண்டில் அதைக் கைவிட்டது. சீனா 2021 இல் சிறுவர் விளையாட்டை வாரத்துக்கு மூன்று மணிநேரம் அளவுக்குச் சுருக்கியது. அவுஸ்திரேலியா 16 வயதுக்குக் குறைந்தோருக்கான சமூக ஊடகத் தடையை 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. அதன் விளைவை அளக்க ஆண்டுகள் செல்லும். இலங்கையில் இத்தகைய அதிகாரத்தை அரசின் கையில் கொடுப்பதற்குத் தனி எச்சரிக்கை தேவை. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் முக்கிய சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதையும், 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கருத்துச் சுதந்திரத்தைத் தொட்டு எழுப்பிய எதிர்ப்பையும் மறக்க முடியாது.

இரவு

இத்தனை கருத்து வேறுபாட்டுக்கும் நடுவே ஓரளவு உறுதியான நிலம் ஒன்று உண்டென்றால் அது உறக்கம். 20 ஆய்வுகளையும் 1,25,198 பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்த 2016 தொகுப்பாய்வு, படுக்கை நேரப் போன் பாவனைக்கும் குறைந்த, தரமற்ற உறக்கத்துக்கும் இடையே சீரான தொடர்பைக் கண்டது. உறக்கம் கெட்டால் மனமும் படிப்பும் கெடும் என்பதற்குப் போனை விட்டுவிட்டாலும் ஏராளமான சான்று உண்டு. மணிக்கணக்கை எண்ணிச் சண்டை பிடிப்பதைவிட, இரவில் போன் எங்கே படுக்கிறது என்று கேட்பது பயனுள்ளதாகவே தெரிகிறது. அறைக்கு வெளியே, கூடத்தில், பெரியவர்களின் போன்களோடு சேர்த்துச் சார்ஜில் போடுவது காசு செலவில்லாத முறை. பெரியவர்களின் போனும் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது அதன் கடினமான பாதி.

சிறுபான்மையான ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு இது போதாது. பாடசாலையை விட்டு, உணவை மறந்து, மாதக்கணக்கில் விளையாட்டிலேயே ஆழ்ந்து, எடுத்தால் கை ஓங்கும் பிள்ளைக்கு உபதேசம் மருந்தல்ல. திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுவதிலோ, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழைப்பதிலோ வெட்கம் தேவையில்லை. பல வேளைகளில் அங்கே தெரியவருவது விளையாட்டுக்குப் பின்னால் மறைந்திருந்த மனச்சோர்வோ, கவனக்குறைபாடோ, வகுப்பில் நேர்ந்த துன்புறுத்தலோ ஆகும்.

தீராதவை

ஆய்வுலகில் மூன்று கேள்விகள் இன்னும் திறந்தே நிற்கின்றன. சோர்வு போனுக்கு அனுப்புகிறதா, போன் சோர்வைத் தருகிறதா என்ற திசைக் கேள்வி முதலாவது. எந்த வயதில் பாதிப்பு கூடுதல் என்பது இரண்டாவது. ஓர்பன் குழு 2022 இல் வெளியிட்ட பிரித்தானிய ஆய்வு, சமூக ஊடகப் பாவனையின் பாதிப்பு பெண்பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 14, 15 வயதிலும் கூடுதலாகத் தென்படுவதாகச் சொன்னது. வேறு சமூகங்களிலும் அப்படித்தானா என்பது சோதிக்கப்பட வேண்டும். எதற்குப் பதிலாக என்பது மூன்றாவது. போனில் கழிந்த மணி உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதா, விளையாட்டிலிருந்தா, அல்லது எப்படியும் வெறுமையாகக் கிடந்திருக்கும் ஒரு பின்னேரத்திலிருந்தா என்பதைப் பத்துக் கேள்வித் தாள் கேட்பதில்லை.

மூன்றாவது கேள்வியே இங்கே மிகக் கூர்மையாகிறது. சவூதியின் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. எசமானர் வீட்டில் கடைசிப் பாத்திரத்தையும் கழுவிவிட்டு இரவு பத்து மணிக்கு ஒரு தாய் தன் அறைக்கு வருகிறாள் என்றால், அப்போது கிண்ணியாவில் நள்ளிரவு பன்னிரண்டரை. படுக்கையறையில் போன் கூடாது என்ற, சான்றுகள் மிக உறுதியாகத் தாங்கும் அந்த ஒரே விதி, அந்தப் பிள்ளைக்கு உம்மாவின் குரலை மறுக்கும் விதியாகிறது. அழைப்பு முடிந்த பின் விழித்த கண்ணோடு அந்தப் பிள்ளை டிக்டொக்கைத் திறந்து இரண்டு மணிவரை கிடக்கலாம். அந்த ஒன்றரை மணியை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதற்கு இன்றுள்ள அளவுகோல் எதிலும் கட்டம் இல்லை.